செப்டம்பர் முடியவே இல்லை!

(தலைப்பு: ரசிகர் வட்டத்தை வாழவைப்பது பழைய ரசிகரின் கண்டிப்பா? புதிய ரசிகரின் வருகையா? ‘பழைய ரசிகரின் கண்டிப்பே’ என்ற அணியின் மூன்றாவது பேச்சு.)



எனக்கு முன்னாலே பேசிய சகோதரி ஒரு ரயில் பெட்டிக் கதை சொன்னாங்க. பிளாட்பாரத்திலே நிற்கிற வரைக்கும், ‘சார், கொஞ்சம் தள்ளிக்குங்க சார், ஒரு காலை வைக்க இடம் கொடுங்க சார்!’ ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்த பிறகு, ‘இங்கே எங்கேய்யா இடம்? அடுத்த பெட்டிக்குப் போ!’ பழைய ரசிகர் என்றால் அந்த ஜன்னலோரத்து ஆள்தான் என்று சொல்லி நல்லா கைதட்டல் வாங்கிட்டாங்க. நானும்தான் தட்டினேன். (சிரிப்பு)

ஆனா நடுவர் அவர்களே, ஒன்றை அவங்க மறந்துட்டாங்க. ஜன்னலோரத்துக்காரர் வெறுமனே முதல்லே ஏறினவர். நான் பேசப்போகிற பழைய ரசிகர்கள் அந்த ரயிலுக்குத் தண்டவாளமே போட்டவங்க! கூலி வாங்காமல் போட்டவங்க! போட்டவனுக்கு, ‘இந்தப் பக்கம் இறங்காதே, பள்ளம் இருக்கு’ என்று சொல்ல உரிமை உண்டா இல்லையா? (கைதட்டல்)

இன்றைக்கு கம்ப்யூட்டரிலேயும் கைபேசியிலேயும் ஒரு படத்துக்கோ, தொடருக்கோ, கதைக்கோ ரசிகர்கள் கூடுகிறார்கள். கொஞ்சம் பேராக இருக்கிற வரைக்கும் குடும்பம் மாதிரி இருக்கிறார்கள். திடீரென்று அந்தக் கதை புகழ் பெற்றுவிடுகிறது. லட்சம் பேர் உள்ளே வருகிறார்கள். உடனே சண்டை. ‘நேற்று வந்தவனுக்கு என்ன தெரியும்?’ என்று ஒரு குரல். ‘நீ என்ன பட்டா வாங்கி வச்சிருக்கியா?’ என்று இன்னொரு குரல். இது கைபேசி வந்த பிறகு வந்த சண்டை என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். இல்லீங்க. இது கம்ப்யூட்டரை விட வயசான சண்டை. கொஞ்சம் சரித்திரம் சொல்றேன், கேளுங்க.

1939ஆம் ஆண்டு ஜூலை மாதம். அமெரிக்காவிலே நியூயார்க் நகரம். விஞ்ஞானக் கதை படிக்கிற ரசிகர்களுக்கு முதலாவது உலக மாநாடு. உலக மாநாடு என்றதும் லட்சம் பேர் என்று நினைச்சுக்காதீங்க. ஏறத்தாழ இருநூறு பேர். நம்ம ஊர்க் காதுகுத்துக்கு இதை விடக் கூட்டம் வரும்! (சிரிப்பு) அந்த இருநூறு பேருக்குள்ளேயும் கோஷ்டி. மாநாட்டை நடத்தினவர்கள் வாசலிலே நின்றுகொண்டு, இன்னொரு கோஷ்டியைச் சேர்ந்த ஆறு பேரை உள்ளே விடமாட்டோம் என்று தடுத்துவிட்டார்கள். அரசியல் பேசுவார்கள், துண்டுப் பிரசுரம் கொடுப்பார்கள், தகராறு பண்ணுவார்கள் என்று பயம்.

அந்த ஆறு பேரில் ஒருவர் ஃபிரடரிக் போல் என்கிற இளைஞர். வாசலோடு திரும்பிப் போனார். பிற்காலத்திலே பெரிய எழுத்தாளர் ஆனார். அதே மாநாடு ‘ஹியூகோ’ என்று ஒரு விருது தருகிறது. 1978-லே அந்த விருதை அவருடைய நாவல் ஒன்றுக்குக் கொடுத்தார்கள். நாவலின் பெயர் என்ன தெரியுமா? ‘கேட்வே’. அதாவது, ‘வாசல்’! (பலத்த சிரிப்பு, கைதட்டல்) எந்த மாநாடு வாசலிலே நிறுத்தியதோ, அதே மாநாடு ‘வாசல்’ என்கிற கதைக்கு மாலை போட்டது.

எதிரணி நண்பர்கள் குறிப்பெடுக்கிறாங்க. ‘ஆகா, நம்ம கட்சிக்கே பேசுறாரே!’ என்று சந்தோஷம். இருங்க, அவசரப்படாதீங்க. நான் ஒப்புக்கொள்கிறேன். கதவை அடைத்தது தப்பு. இன்றைக்கும் சில பேர் இருக்கிறார்கள். ஒரு பெண்பிள்ளை ஆசையாய் வந்து, ‘எனக்கும் இந்தக் கதை பிடிக்கும்’ என்று சொன்னால் போதும், ‘அப்படியா? மூணாவது பாகத்திலே ஏழாவது காட்சியிலே வந்த வேலைக்காரன் பேர் என்ன, சொல்லு பார்ப்போம்’ என்று பரீட்சை வைப்பான். அவன் ரசிகன் இல்லீங்க. காக்கிச் சட்டை போடாத வாட்ச்மேன்! (கைதட்டல்) அவனுக்காக நான் வாதாட வரவில்லை. எங்கள் தலைப்பு ‘கண்டிப்பு’. கதவடைப்பு இல்லை. பிள்ளையைக் கண்டிக்கிற தாயும், பிள்ளையை வெளியே தள்ளிக் கதவைச் சாத்துகிற சித்தியும் ஒன்றா? கண்டிப்பு என்றால் சொல்லிக்கொடுக்கிறது. சொல்லிக்கொடுத்தால் என்ன நடக்கும், சொல்லிக்கொடுக்க ஆளில்லாமல் போனால் என்ன நடக்கும், இரண்டையும் சரித்திரம் காட்டுகிறது.

முதலில் சொல்லிக்கொடுத்த கதை.

1966 செப்டம்பர் மாதம் அமெரிக்கத் தொலைக்காட்சியிலே ‘ஸ்டார் டிரெக்’ என்கிற தொடர் ஆரம்பமானது. விண்வெளிக் கப்பலில் போகிறவர்களின் கதை. அது வந்ததும் விஞ்ஞானக் கதை ரசிகர் வட்டத்துக்குள்ளே புதுசாகக் கூட்டம் புகுந்தது. அதிலே பெண்கள் நிறைய. பழைய ஆட்களிலே ஒரு சாரார் முகம் சுளித்தார்கள். ‘நாங்க புத்தகம் படிச்சு வந்தவங்க. இவங்க டி.வி. பார்த்து வந்தவங்க’ என்று ஏளனம். ஆனா எல்லோரும் அப்படி இல்லை.

பீஜோ டிரிம்பிள் என்று ஒரு அம்மா. அவங்க கணவர் ஜான். 1950களிலிருந்தே ரசிகர் வட்டத்திலே இருந்தவர்கள். ஸ்டார் டிரெக் இரண்டாவது வருஷம் ஓடிக்கொண்டிருக்கும்போது, தொடரை நிறுத்தப் போகிறார்கள் என்று செய்தி வந்தது. புதுசாக வந்த ரசிகர்களுக்குக் கண்ணீர் விடத் தெரிந்தது. கடிதம் போடத் தெரியவில்லை. இந்தப் பழைய தம்பதிக்குத் தெரியும். ஏன்? கையால் சுற்றுகிற அச்சு இயந்திரத்திலே சிறு பத்திரிகை அடித்து, முகவரி எழுதி, தபால்தலை ஒட்டி அனுப்பிப் பழகிய கை அது! ‘ஒருத்தர் பத்துப் பேரிடம் சொல்லுங்கள். அந்தப் பத்துப் பேரும் ஆளுக்குப் பத்துப் பேரிடம் சொல்லட்டும். அச்சடித்த படிவத்தை அனுப்பாதீர்கள், உங்கள் சொந்த வார்த்தையிலே எழுதுங்கள்’ என்று முறையாகச் சொல்லிக்கொடுத்தார்கள்.

1968 தொடக்கத்துக்குள்ளே கடிதங்கள் லட்சத்தைத் தாண்டின. அந்த வருஷம் மார்ச் மாதம் தொலைக்காட்சி நிறுவனம், தொடர் நிற்காது, கடிதம் போடுவதை நீங்கள் நிறுத்துங்கள் என்கிற பாணியிலே ஒளிபரப்பிலேயே அறிவித்தது! (சிரிப்பு) மூன்றாவது வருஷமும் ஓடியது. 1969-லே நின்றபோது மொத்தம் 79 பகுதிகள் கையிலே இருந்தன. அத்தனை பகுதி இருந்ததால்தான் உள்ளூர் நிலையங்கள் அதை வாங்கித் தினமும் மறு ஒளிபரப்புச் செய்ய முடிந்தது. அந்த மறு ஒளிபரப்பிலேதான் உண்மையான கூட்டமே சேர்ந்தது. 1972 ஜனவரியிலே நியூயார்க்கிலே ஒரு ஹோட்டலில் ஸ்டார் டிரெக் ரசிகர்களே தனியாக ஒரு கூட்டம் போட்டார்கள். சில நூறு பேர் வருவார்கள் என்று நினைத்தார்கள். மூவாயிரம் பேருக்கு மேல் வந்தார்கள். நடத்தினவர்களில் ஒருவர், 1967-லே ஸ்டார் டிரெக்குக்கென்று முதல் ரசிகர் பத்திரிகையைத் தோழியோடு சேர்ந்து கொண்டுவந்த பெண்மணி. ஐந்து வருஷத்துக்கு முன்னாலே புதியவர். இப்போது அவரே பழையவர், வருகிறவர்களுக்கு நாற்காலி போடுகிறவர்!

எதிரணியினர் சொல்வார்கள், ‘லட்சம் கடிதம் போட்டது புதியவர்கள்தானே?’ என்று. ஆமாம். அடுப்பு எரிந்தது விறகாலேதான். ஆனா விறகை அடுக்கி, ஊதி, பற்றவைத்த கை யாருடையது? (கைதட்டல்)

இப்போது, சொல்லிக்கொடுக்க ஆள் போதாமல் போன கதைக்கு வருகிறேன். இதுதான் நம் தலைப்புக்கு இருதயம்.

இணையம் நம் வீட்டுக்கு வருவதற்கு ரொம்ப முன்னாலேயே, 1979-லே, அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்து டியூக் பல்கலைக்கழக மாணவர்கள் இருவர் ஒரு திட்டம் போட்டார்கள். ஒரு கம்ப்யூட்டரிலே எழுதிய செய்தி, தொலைபேசிக் கம்பி வழியாக அடுத்த கம்ப்யூட்டருக்குப் போகும்; அங்கிருந்து அடுத்ததற்கு. 1980-லே நடைமுறைக்கு வந்தது. பெயர் யூஸ்நெட். ஊர்த் திண்ணை மாதிரி ஆயிரக்கணக்கான திண்ணைகள். விஞ்ஞானக் கதைக்கு ஒன்று, ஸ்டார் டிரெக்குக்கு ஒன்று, சமையலுக்கு ஒன்று. தமிழர்கள் கூடிப் பேசவும் ஒரு திண்ணை இருந்தது.

அங்கே முதலாளி கிடையாது. போலீஸ் கிடையாது. பழக்கவழக்கம்தான் சட்டம். அந்தப் பழக்கத்திலே இரண்டைச் சொல்றேன்.

ஒன்று. படம் பார்க்காதவரிடம் முடிவைச் சொல்லக்கூடாது. நமக்கெல்லாம் இந்தக் கோபம் உண்டே! டிக்கெட் வாங்கி வரிசையிலே நிற்கும்போது, முதல் காட்சி பார்த்துவிட்டு வெளியே வருகிறவன், ‘கடைசியிலே தம்பிதான் கொலைகாரன்’ என்று சொல்லிக்கொண்டே போவான். (சிரிப்பு) யூஸ்நெட்டிலே, முடிவைப் பற்றி எழுதினால் முதலிலேயே எச்சரிக்கை போடணும். அல்லது ஒவ்வொரு எழுத்தையும் 13 இடம் தள்ளி எழுதணும். பார்த்தால் ஒன்றும் புரியாது. வேண்டுமென்கிறவர் மட்டும் திருப்பி மாற்றிப் படித்துக்கொள்ளலாம். முகம் தெரியாத ஒருவனின் சந்தோஷம் கெடக்கூடாது என்று இவ்வளவு மெனக்கெட்டார்கள்.

இரண்டு. அங்கே பரவலாகப் பயன்பட்ட ஒரு மென்பொருள், நீங்கள் எழுதியதை அனுப்புவதற்கு முன்னாலே கேட்கும்: இது ஆயிரக்கணக்கான இயந்திரங்களுக்குப் போகப் போகிறது, ஊரார் பணம் செலவாகும், நிச்சயமாக அனுப்பத்தான் வேண்டுமா? நடுவர் அவர்களே, இந்த ஒரு கேள்வியை மட்டும் இன்றைக்கு வாட்ஸ்அப்பிலே வைத்துப் பாருங்கள். பாதிக் குடும்பத்திலே சண்டையே இருக்காது! (பலத்த கைதட்டல்)

இந்த ஊரிலே வருஷத்துக்கு ஒரு தடவை கலவரம் வரும். செப்டம்பர் மாதம். ஏன்? அமெரிக்கக் கல்லூரிகளிலே புது மாணவர்கள் சேருகிற காலம். புதுசாகக் கம்ப்யூட்டர் கணக்கு கிடைக்கும். ஓடிவந்து, நூறு தடவை பதில் சொன்ன கேள்வியையே நூற்றோராவது தடவை கேட்பார்கள். சம்பந்தமில்லாத திண்ணையிலே கத்துவார்கள். பழையவர்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள். ஆனாலும் சொல்லிக்கொடுப்பார்கள். அடிக்கடி வருகிற கேள்விகளுக்கெல்லாம் பதில் தொகுத்து, மாதாமாதம் ஒட்டிவைப்பார்கள். ‘முதலிலே கொஞ்ச நாள் சும்மா உட்கார்ந்து படி, பிறகு பேசு’ என்பார்கள். அக்டோபர், நவம்பருக்குள்ளே பையன்கள் பழகிவிடுவார்கள். அடுத்த செப்டம்பரிலே இதே பையன்தான் புதுப் பையனுக்கு வாத்தியார். புது மருமகள் வந்த வீடு மாதிரி. முதல் மாதம் உப்பு கூடும், குறையும். பிறகு அந்தச் சமையலே வீட்டு ருசியாகிவிடும்.

ஆனா 1993-லிருந்து காசு வாங்கிக்கொண்டு பொதுமக்களுக்கு இணைப்புத் தருகிற நிறுவனங்கள் இந்தத் திண்ணைக்கு வழி திறந்தன. 1994 மார்ச்சிலே அமெரிக்கா ஆன்லைன் திறந்தது. வீட்டுக்கு வீடு தபாலிலே கம்ப்யூட்டர் வட்டு அனுப்பி ஆள் சேர்த்த நிறுவனம். அந்த வருஷமே சந்தாதாரர் பத்து லட்சத்தைத் தொட்டார்கள். இப்போது செப்டம்பரிலே மட்டும் வருவதில்லை. அக்டோபரிலும் வருகிறார்கள், தை மாதத்திலும் வருகிறார்கள், ஆடியிலும் வருகிறார்கள்! பழகி முடிப்பதற்கு முன்னாலே அடுத்த கூட்டம். 1994 ஜனவரியிலேயே ஒரு பழைய ஆள் கசந்துபோய் எழுதிவிட்டார்: 1993 செப்டம்பர் முடியவே முடியாத செப்டம்பராகச் சரித்திரத்திலே நிற்கும் என்று. அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. இன்றைக்கும் ‘நித்திய செப்டம்பர்’ என்றால் தெரிந்தவர்கள் பெருமூச்சு விடுவார்கள்.

நடுவர் அவர்களே, இங்கேதான் நான் சொல்ல வந்தது இருக்கிறது. புதியவர் கெட்டவரா? இல்லவே இல்லை. கல்லூரி மாணவனுக்கு எவ்வளவு ஆசையோ அவ்வளவு ஆசை, வட்டு வாங்கிப் போட்ட கடைக்காரருக்கும், ஓய்வுபெற்ற ஆசிரியைக்கும் இருந்தது. மாணவனுக்குக் கிடைத்தது, இவர்களுக்குக் கிடைக்கவில்லை. என்ன அது? பழகிக்கொள்ள இரண்டு மாதம்! பக்கத்திலே உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க ஓர் ஆள்! நூறு பேர் பந்தியிலே பத்துப் பேர் புதுசாக உட்கார்ந்தால், பக்கத்து இலைக்காரரைப் பார்த்துப் பழகிவிடுவார்கள். பத்துப் பேர் பந்தியிலே ஆயிரம் பேர் உட்கார்ந்தால், யாரைப் பார்த்து யார் பழகுவது? சொல்லிக்கொடுத்தவருக்குத் தொண்டை வற்றியது. கோபம் வந்தது. கண்டிப்பு ஏளனமாக மாறியது. இந்த நிறுவனத்தின் பெயர் முகவரியிலே இருந்தாலே சிரிக்கிற அளவுக்குப் போனார்கள். ஆசையாக வந்தவர் அவமானப்பட்டுத் திரும்பினார். அன்பாகச் சொல்லிக்கொடுத்தவர் அலுத்துப்போய் எழுந்துவிட்டார். இரண்டு பேருக்கும் நஷ்டம்!

காவல் இல்லாத வீட்டிலே யார் நுழைவார்கள்? வியாபாரி. 1994 ஏப்ரலிலே அரிசோனா மாநிலத்து வழக்கறிஞர் தம்பதி ஒருவர், ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட திண்ணைகளிலே ஒரே விளம்பரத்தை ஒட்டினார்கள். நிரந்தரக் குடியிருப்பு அனுமதிச் சீட்டு வாங்க எங்களிடம் வாருங்கள் என்று. ஸ்டார் டிரெக் பேசுகிற இடத்திலும் அதுதான், சமையல் பேசுகிற இடத்திலும் அதுதான். பிறகு விளம்பரக் குப்பை வெள்ளமாக வந்தது. அமெரிக்கா ஆன்லைன் 2005-லே அந்த வழியை மூடிவிட்டது. கூகுள் நிறுவனமும் 2024 பிப்ரவரியிலே தன் பக்கத்து வாசலை மூடியது. வெள்ளம் வடிந்தது. திண்ணையிலே பழையவர்கள் சிலபேர் மட்டும்.

அந்தப் பழையவர்கள் செய்ததையும் கேளுங்கள். கனடாவிலே டொரோண்டோ பல்கலைக்கழகத்திலே ஒருவர், 1981-லிருந்து இந்தத் திண்ணைப் பேச்சையெல்லாம் காந்த நாடாக்களிலே பதிந்து சேர்த்துக்கொண்டே வந்தார். 141 நாடாக்கள்! யாரும் கேட்கவில்லை, யாரும் காசு கொடுக்கவில்லை. 2001-லே கூகுள் இருபது வருஷத்துப் பேச்சைப் பொதுமக்களுக்குத் திறந்து வைத்தபோது, ஆரம்ப வருஷங்கள் பெரும்பாலும் அந்த நாடாவிலிருந்து வந்தவை. கூட்டம் சரித்திரத்தை உண்டாக்கலாம். ஆனா அதைப் பெட்டியிலே பூச்சி அரிக்காமல் வைத்திருக்க ஒரு பழைய ஆள் வேணும். (கைதட்டல்)

‘சரிய்யா, லட்சம் பேர் வரத்தான் செய்வார்கள். என்ன பண்ணச் சொல்றே?’ என்று கேட்பீர்கள். அதற்கும் பதில் இருக்கிறது. ஸ்டார் டிரெக் காலத்திலிருந்தே, பிடித்த பாத்திரங்களை வைத்துத் தாங்களே கதை எழுதுகிற வழக்கம் ரசிகைகளிடம் உண்டு. 2007-லே ஒரு வணிக நிறுவனம் அந்தக் கதைகளை வைத்துக் கடை விரிக்கப் பார்த்தது. பழைய ரசிகைகள், ‘எங்கள் வீட்டை நாங்களே கட்டிக்கொள்கிறோம்’ என்று லாப நோக்கம் இல்லாத ஓர் அமைப்பைத் தொடங்கி, 2009 நவம்பரிலே ஒரு கதைக் களஞ்சியத்தைத் திறந்தார்கள். யார் வேண்டுமானாலும் படிக்கலாம். எழுத வேண்டுமென்றால் பெயரைக் கொடுத்து, அழைப்பு வரும்வரை வரிசையிலே காத்திருக்கணும். கதவு இல்லீங்க, வரிசை! எவ்வளவு தாங்குமோ அவ்வளவு பேராக உள்ளே விடுகிற வரிசை. ஒரே பாத்திரத்தின் பெயரைப் புதியவர்கள் பத்து விதமாக எழுதினால், யாரும் திட்டுவதில்லை. சம்பளம் வாங்காத தொண்டர்கள் பின்னால் உட்கார்ந்து, இதுவும் அதுவும் ஒன்றே என்று முடிச்சுப் போட்டு வைக்கிறார்கள். இன்றைக்கு அங்கே ஒரு கோடிக்கும் மேல் படைப்புகள்! 2019-லே அந்தக் களஞ்சியத்துக்கு ஒரு விருது கிடைத்தது. எந்த விருது? அதே ஹியூகோ! எண்பது வருஷத்துக்கு முன்னாலே ஆறு பேரை வாசலிலே தடுத்த அதே மாநாடு, வாசலில் எப்படி வரிசை வைப்பது என்று தெரிந்தவர்களுக்குப் பாராட்டுப் பத்திரம் கொடுத்தது! (பலத்த கைதட்டல்)

எதிரணி நண்பர்களே, புதியவர் வருகையை நாங்கள் வெறுக்கவில்லை. புதியவர் வரவில்லையென்றால் பழையவருக்குப் பிறகு விளக்கு அணைந்துவிடும். அது எங்களுக்கும் தெரியும். ஆனா மழை மட்டும் போதுமா? ஏரிக்குக் கரை வேண்டாமா? மதகு வேண்டாமா? கரை இல்லாத ஊரிலே மழை பெய்தால் அதற்குப் பேர் விளைச்சல் இல்லை, வெள்ளம். அந்தக் கரைதான் பழைய ரசிகரின் கண்டிப்பு.

கடைசியாக ஒன்று. அந்த யூஸ்நெட் திண்ணைக்கு இன்றும் ஒருவர் காசு வாங்காமல் வழி திறந்து வைத்திருக்கிறார். புதிதாக யார் வந்தாலும் சேரலாம். அந்த இலவசச் சேவைக்கு அவர்கள் வைத்திருக்கிற பெயர் ‘எடர்னல் செப்டம்பர்’. அதாவது, முடியவே முடியாத செப்டம்பர்! எந்தப் பெயரைச் சொல்லிக் கசந்தார்களோ, அதே பெயரை வாசலிலே பலகையாக மாட்டி, ‘வாங்க, உட்காருங்க’ என்று கூப்பிடுகிறார்கள். அப்படிக் கூப்பிடுகிறவர்களுக்கு, ‘செருப்பை வெளியே கழற்றி வையுங்கள்’ என்று சொல்லவும் உரிமை உண்டு என்று கூறி, அந்த உரிமைக்கே தீர்ப்பு வழங்குமாறு நடுவர் அவர்களைக் கேட்டு அமர்கிறேன்.